பாக்கியநாதனின் கடைசிப் பந்தி

பாக்கியநாதனைப் பற்றி எழுத நான் சரியான ஆளில்லை என்று அவருடைய சபைக்காரர்கள் சொல்வார்கள். நான் கடவுள் இல்லை என்று சொல்கிறவன். கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தஞ்சாவூர் ஜில்லாவில் மைக் கட்டிய இடமெல்லாம் போய் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன். என் பெயர் ரெத்தினம், உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்தினேன். பாக்கியநாதன் இறந்த பிறகு அவர்கள் போட்ட நினைவு மலரைப் படித்துப் பார்த்தேன். நாத்திகர்களை அவர் எங்கெங்கே மண்ணைக் கவ்வ வைத்தார் என்பதெல்லாம் அதில் பக்கம் பக்கமாக இருந்தது. மண்ணைக் கவ்விய நாத்திகன் பெரும்பாலும் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மனிதர் தன் வாழ்நாளில் பாதியை எதற்காகக் குமைந்துகொண்டே கழித்தார் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

அவர் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் நடத்தினார். சொந்த ஊர் மாயவரத்துக்குக் கிழக்கே பாலக்குடி. அங்கே மிஷன்காரர்கள் கட்டிய பழைய கோயில் ஒன்று உண்டு. பாக்கியநாதனின் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் கடந்தும் பிள்ளை என்ற பட்டத்தை விடாத குடும்பம். நிலபுலன்களை அண்ணன் ஆபிரகாம் பிள்ளை பார்த்துக்கொண்டார். பாகம் பிரிக்கவில்லை. ஒவ்வொரு அறுப்புக்கும் தம்பி வீட்டுக்கு நெல் மூட்டை வந்து இறங்கிவிடும். "தம்பி வேதத்தைப் பார்த்துக்கட்டும், வயலை நான் பார்த்துக்கறேன்" என்பார் ஆபிரகாம் பிள்ளை. நான் விடுவேனா. "ஏன் சார், பரலோகத்துலயும் பிள்ளைமார் தெரு தனியா இருக்குமா?" என்று சீண்டுவேன். பாக்கியநாதன் சிரிப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார் என்றால் பதில் தயாராகிறது என்று அர்த்தம்.

ஆட்சி மாறிய புதிது. எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியாத காலம். இனி சாமிக்கெல்லாம் சீட்டுக் கிழிந்தது என்று நாங்கள் நிஜமாகவே நம்பினோம். மாயவரத்தில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் 'இக்காலத்துக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா?' என்று ஒரு வாதம் வைத்தார்கள். வேண்டாம் என்பதற்கு நான். வேண்டும் என்பதற்குப் பாக்கியநாதன். பாலக்குடி சபை சும்மா இருக்குமா? ஆபிரகாம் பிள்ளை தன் டிராக்டர் டிரெய்லரில் பண்ணையாட்களை ஏற்றிக் கைதட்ட அனுப்பிவைத்திருந்தார். எங்கள் கட்சிக் கூட்டத்துக்கு ஆள் பிடிப்பதற்கு நாங்களே அவரிடம் பாடம் கற்கலாம். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்தவர்தான் ஏசடியான். அண்ணன் தம்பிகளின் வயலில் உழைத்தவர், சேரிக்காரர், அதே சபையில் ஞானஸ்நானம் வாங்கியவர்.

அன்றைக்குப் பாக்கியநாதன் பேசியதை இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும். "மனுஷனெல்லாம் சமம்னு ரெத்தினம் சொல்றார். ரொம்ப சந்தோஷம். எந்தத் தராசுல நிறுத்துப் பார்த்தார்? உயரம் சமமில்ல, பலம் சமமில்ல, புத்தி சமமில்ல. விஞ்ஞானத்தைக் கேட்டா சமமில்லன்னுதான் சொல்லும். நெல்லு எப்படி விளையுதுன்னு விஞ்ஞானம் சொல்லும், விளைஞ்ச நெல்லை யாரோட பங்கு போட்டுத் தின்னணும்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நாங்க சொல்றோம், எல்லாரும் ஒரே சாயல்ல படைக்கப்பட்டவங்க. அதனால சமம். ரெத்தினம் அந்தச் சமத்தை எங்க வீட்டுலேருந்து எடுத்துக்கிட்டுப் போய், எங்க வீடே இல்லங்கறார்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில்தான் அவசரப்பட்டேன். "சமமா? உங்க கோயில் இராப்போஜனத்துல பிள்ளைமாருக்கு ஒரு பாத்திரம், சேரிக்கு ஒரு பாத்திரமாமே, அதைச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன். இராப்போஜனம் என்பது அவர்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்ளும் சடங்கு. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பார்கள்.

பாக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "ரெத்தினம் கேட்டது எங்க முப்பாட்டன் காலத்துக் கதை. இப்ப எங்க கோயில்ல ஒரே பாத்திரம்தான். சந்தேகம் உள்ளவங்க வந்து பாருங்க. மிராசுதார் உதடு பட்ட விளிம்புலதான் அவர் வயல்ல நாத்து நடறவங்க உதடும் படுது. இந்த மாயவரத்துல எந்த டீக்கடையில அப்படி நடக்குதுன்னு ரெத்தினம் காட்டட்டும், நான் வாதத்தை விட்டுக்கொடுத்துடறேன்."

அவ்வளவுதான், நான் காலி. அன்றைக்கு டீக்கடைகளில் தனி கிளாஸ் தொங்கியது ஊரறிந்த விஷயம். கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவர் ஏசடியான். எழுந்து நின்றே தட்டினார்.

பாக்கியநாதன் பொய் சொல்லவில்லை. பாத்திரம் ஒன்றுதான். ஆனால் பந்தி ஒன்றல்ல. பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் முழங்காலிட முடியும். அதனால் பந்தி பந்தியாகப் போவார்கள். முதல் பந்தி பெஞ்சில் உட்காரும் பிள்ளைமார் குடும்பங்கள். கடைசிப் பந்தி பின்னால் பாயில் உட்காரும் சேரிக்காரர்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, யாரும் யாரையும் தடுப்பதும் இல்லை. மாடு தானாகத் தொழுவத்துக்குப் போகிற மாதிரி அவரவர் முறைக்கு அவரவர் எழுந்து போவார்கள். முதலில் குடித்துவிட்டால் பிறகு அந்தப் பாத்திரத்தில் யார் வாய் வைத்தால் என்ன? நான் தப்பான கேள்வியைக் கேட்டேன். அவர் என் தப்பான கேள்விக்குச் சரியான பதில் சொல்லி ஜெயித்தார். தர்க்கத்தில் அது குற்றமே இல்லை.

அடுத்த இராப்போஜன ஞாயிறு. நடந்ததைப் பிற்பாடு பாக்கியநாதனே என்னிடம் சொன்னார். முதல் பந்திக்கு எல்லோரும் எழுந்தபோது பின்னாலிருந்து ஏசடியானும் எழுந்து வந்தார். சலவைச் சட்டை, வாரிய தலை. நேராக வந்து பாக்கியநாதனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாராம். முறைத்துக்கொண்டு வரவில்லை, போராட்டமும் செய்யவில்லை. மேடையில் சொன்னதைக் கேட்டார், வந்துவிட்டார். மனிதர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்.

பாத்திரத்தைக் கையில் பிடித்திருந்த ஐயர் அங்கேயே நின்றார். அவர்களும் தங்கள் குருவை ஐயர் என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐயர்தான். முதலில் ஆபிரகாம் பிள்ளை எழுந்தார். அவர் மனைவி எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக அந்தப் பந்தியே எழுந்தது. கடைசியில் கிராதியில் பாக்கியநாதனும் ஏசடியானும் மட்டும் இருந்தார்கள்.

"அண்ணன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடலை, ரெத்தினம். இருமினார். அவ்வளவுதான். நான் எழுந்துட்டேன்" என்றார் என்னிடம்.

ஐயர் பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு, ஒரு பாட்டுப் பாடுவோம் என்றார். பாட்டு முழுவதும் ஏசடியான் தனியாக முழங்காலில் இருந்தார். பாட்டு முடிந்ததும் எழுந்து வெளியே போனார்.

அது குறுவை அறுப்புக்குக் கூலி கேட்டுச் சண்டை முற்றியிருந்த சமயம். கூலியாட்கள் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டார்கள். மிராசுதாரர்கள் ஒன்று கூடி வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். ஊருக்கு ஊர் போலீஸ் நின்றது. ஏசடியான் எந்தச் சங்கத்திலும் இல்லை. ஆனாலும் ஆபிரகாம் பிள்ளை சொல்லிவிட்டார்: "கோயில்ல முதல் பந்தி கேக்கறவன் நாளைக்குக் களத்துல முதல் மரக்கால் கேப்பான்." வேலை போயிற்று. குடிசை இருந்ததும் பிள்ளை மனையில்தான், அதையும் காலி செய்யச் சொன்னார்கள். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் பின்னால் வந்தது. ஏசடியானுக்கு அது பிந்திப் போயிற்று. பாக்கியநாதன் ஒரு தடவை அண்ணனிடம் பேசப் போனார். "உன் பங்குல அவனுக்கு இடம் குடேன், நான் வேண்டாம்னா சொல்றேன்?" என்று கேட்டிருக்கிறார் அண்ணன். பங்கு கேட்டால் பாகம் பிரிக்க வேண்டும். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாதவர், பார்க்கலாம் அண்ணா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். ஏசடியான் பெண்டாட்டி பிள்ளையோடு பேராவூரணிப் பக்கம் போய்விட்டதாக அறுப்புக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

வேலையும் குடிசையும் போன சேதி கேட்டு எங்கள் ஆட்கள் ஏசடியானைத் தேடினார்கள். மேடை ஏற்றினால் கூட்டம் குமுறும் என்று கணக்கு. கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவர் வந்திருக்க மாட்டார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

பாக்கியநாதன் அன்றிலிருந்து இராப்போஜனம் வாங்குவதை விட்டார். கோயிலுக்குப் போவார், பாடுவார், பந்தி என்றதும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் வாதத்துக்குப் போவதை விடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கும்பகோணம், நாகப்பட்டினம், மன்னார்குடி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார். படித்த பிள்ளைகள் நோட்டும் கையுமாக அவர் பின்னால் அலைந்தார்கள். பரிணாமம் என்றால் அதற்கொரு பதில், பொருள்முதல்வாதம் என்றால் அதற்கொரு பதில். நானும் புதிது புதிதாகப் படித்துக்கொண்டு போவேன், புதிது புதிதாகத் தோற்பேன். ஆனால் பாத்திரத்தைப் பற்றி மட்டும் நான் கேட்கவே இல்லை. எதிரியானாலும் அவர் நம்பிச் சொன்ன விஷயம்.

மேடையை விட்டு இறங்கினால் ஆள் வேறு. ஒரே பெஞ்சில் டீ குடிப்போம். ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"எப்படி சார் கூசாமப் பேசறீங்க?"

"கூசுது."

"அப்ப விட்டுடுங்களேன்."

"டாக்டர் சுருட்டு பிடிக்கறார்ங்கறதுக்காக வைத்திய சாஸ்திரம் பொய்யாயிடுமா ரெத்தினம்? நான் பேசறது நெசம். நான்தான் நெசமில்ல. பேச்சு பொய்யா இருந்தா எவ்வளவு சௌகரியம் தெரியுமா? எப்பவோ உங்க பக்கம் வந்திருப்பேன். அங்க குற்றவாளியா இருக்க வேண்டிய அவசியமில்ல, முட்டாளா இருந்தேன்னு சொல்லிக்கிட்டாப் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. "வைத்தியம் நல்லா இருக்கு சார். வியாதிக்காரன் பேராவூரணியில இருக்கான்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதுதான். அந்த வாரக் கடைசியிலேயே, கூட வருகிறீர்களா என்று கேட்டு வந்து நின்றார்.

இதற்குள் எட்டுப் பத்து வருஷம் ஓடிவிட்டது. பேராவூரணியில் மீரா உசேன் என்பவரின் தேங்காய்க் களத்தில் ஏசடியான் உரித்துக்கொண்டிருந்தார். நட்டுவைத்த இரும்புக் கூரில் காயைக் குத்தித் திருகினால் மட்டை தனியாக வந்துவிழும். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கய்யா, வாங்க" என்றார். களத்தோரம் இருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனைவி செவ்வந்தி எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். இளநீர் வெட்டிக் கொடுத்தார் ஏசடியான். பாக்கியநாதன் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அத்தனை மேடை கண்ட நாக்கு அங்கே குழறியது.

"அன்னிக்குக் கோயில்ல நான் எழுந்திருச்சது..."

"அது கெடக்குதுங்க" என்றார் ஏசடியான். "எல்லாரும் எந்திரிச்சாங்க, நீங்களும் எந்திரிச்சீங்க. பெரியய்யா நிக்கறப்ப நீங்க எப்படி உக்காந்திருப்பீங்க? அது எனக்குப் பெருசாப் படலீங்க."

பாக்கியநாதன் முகம் தெளிந்தது. "அப்ப எம்மேல வருத்தம் இல்லையா?"

ஏசடியான் அரிவாளைக் கீழே வைத்தார். "வருத்தம் வேறங்கய்யா. நீங்க மேடையில சொன்னீங்கள்ல, ஒரே சாயல், ஒரே பாத்திரம்னு. நான் நெசம்னு நெனச்சிட்டேன். அதுவரைக்கும் கடைசியா போயி வாங்கிக்கிட்டு நான்பாட்டுக்கு இருந்தேன். நீங்க அன்னிக்கு அதைப் பேசாம இருந்திருந்தா நாங்க பாலக்குடியிலயே இருந்திருப்போம். எங்கம்மா சாவுக்கு நான் போயிருப்பேன்."

அதில் குத்தலே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பாக்கியநாதன் மன்னிப்புக் கேட்டார். "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சுங்க" என்றார் ஏசடியான். நாங்கள் கிளம்பும்போதுதான் செவ்வந்தி வாசலுக்கு வந்தாள். "அவருக்குத்தாங்க மறந்து போச்சு" என்று சொல்லிவிட்டு, காலி இளநீர்க் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

பஸ் பட்டுக்கோட்டையைத் தாண்டியது. பாக்கியநாதன் சொன்னார்: "எழுந்து போனதுக்காக இத்தனை வருஷம் பந்திக்குப் போகாம விரதம் இருந்தேன். தப்பான பாவத்துக்கு விரதம் இருந்திருக்கேன், ரெத்தினம். நான் ஜெயிச்சதுதான் பாவம்."

நான் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம்தான்.

அடுத்த வாதம் தஞ்சாவூரில். மண்டபம் நிறைந்திருந்தது. பாக்கியநாதனுடைய முறை வந்ததும், "ரெத்தினம் மரியாதைக்காகக் கேட்காம விட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. அதை நானே கேட்டுக்கறேன்" என்று ஆரம்பித்தார். பந்தியைச் சொன்னார். ஏசடியானைச் சொன்னார். அண்ணனின் இருமலைக்கூட விடாமல் சொன்னார். "நான் நம்பறது அப்பவும் நெசம், இப்பவும் நெசம். அதை நான் எதிராளி வாயை அடைக்கறதுக்கு உபயோகிச்சேன். அதை நம்பி வந்தவரை நடுவழியில விட்டுட்டு ஓடிட்டேன். என் கட்சிக்கு இன்னிக்குச் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லை." உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். நடுவர் வெற்றி எனக்கு என்றார். இத்தனை வருஷம் ஏங்கிய வெற்றி. கொடுத்த மாலையை வாங்காமல் வந்தேன்.

அதற்கப்புறம் அவரை யாரும் வாதத்துக்குக் கூப்பிடவில்லை. வீட்டு அசிங்கத்தைச் சந்தியில் போட்டு உடைக்கலாமா என்று சபைப் பெரியவர்கள் வந்து சண்டை போட்டார்கள். ஆபிரகாம் பிள்ளை பாகத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பேச்சை நிறுத்திவிட்டார். பாக்கியநாதன் தன் பங்கில் ஏசடியானுக்கு மனை எழுதி வைத்துவிட்டு ஆளனுப்பினார். மகளைப் பேராவூரணியிலேயே கட்டிக் கொடுத்தாயிற்று, இனி வர முடியாது என்று பதில் வந்தது.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். "நாளைக்குப் பாலக்குடியில இராப்போஜனம். கடைசிப் பந்தியில வாங்கப் போறேன். எல்லாருக்கும் கடைசியா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தோணலை. வர்றீங்களா?" என்றார். கோயில் வாசலை மிதிக்காதவன் நான். போனேன்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடியது. வழியெல்லாம் குறுவை நடவு. கோயிலில் பாக்கியநாதன் பெஞ்சுக்குப் போகாமல் பின்னால் பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி அவருக்கு நிறைய இடம் விட்டார்கள். நான் தூணோரம் நின்றேன். பிள்ளைமார் பந்தி முடிந்தது. ஆபிரகாம் பிள்ளை தம்பியிருந்த பக்கம் திரும்பாமல் போய் உட்கார்ந்தார். கடைசிப் பந்தி எழுந்தபோது, எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, பாக்கியநாதன் கடைசியாகப் போய்க் கிராதியின் ஓரத்தில் முழங்காலிட்டார்.

ஐயர் புதியவர், சின்ன வயது. வரிசையின் தலைப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியவர், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராக ஓரத்துக்கு வந்து பாக்கியநாதன் முன்னால் நின்றார். பாக்கியநாதன் தலையை ஆட்டினார். "அவங்களுக்கு முதல்ல குடுங்க." ஐயர் தலைப்புக்குப் போனார். அங்கிருந்த ஆள், "ஐயா வாங்கட்டுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். ஐயர் பாத்திரத்தோடு நடுவில் நின்றார். பெஞ்சிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாக்கியநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். ஜெபம் செய்கிறாரோ பிடிவாதம் பிடிக்கிறாரோ எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த நடுவயதுப் பெண் மெதுவாகச் சாய்ந்து பேசினாள். அந்த அமைதியில் தூணோரம்வரை கேட்டது.

"வாங்கிக்குங்கய்யா. நாத்தைப் பறிச்சுப் போட்டுட்டு வந்திருக்கோம், வெயில் ஏறுனா வாடிப்போகும். பெரியய்யா வயலுங்க. நேரமானா வேற ஆள வச்சுக்குவாரு."

பாக்கியநாதன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு ஐயரைப் பார்த்து வாயைத் திறந்தார். அவர் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடித்தார்கள்.